சாமி அலமாரியில் ஒரு ராமர் காசு!

குட்டீஸ்! உங்கள் வீட்டு சாமி அலமாரியில், குங்குமச் சிமிழுக்குப் பின்னால் பழைய வட்டக் காசு ஏதாவது இருக்கிறதா, பாருங்கள். ஒரு பக்கம் ராமரும் சீதையும் சிம்மாசனத்தில், அருகில் தம்பிகள், காலடியில் அனுமார். மறுபக்கம் ராம, லட்சுமணர் வில்லோடு நிற்பார்கள். சுற்றிலும் நாகரி எழுத்து. எந்த ஊரில் அடித்தது என்ற விவரம் மட்டும் இருக்காது!

இதற்கு 'ராம டங்கா' என்று பெயர். கடையில் கொடுத்துப் பொருள் வாங்கும் காசு அல்ல. வேளாங்கண்ணி போகிறவர்கள் மாதா பதக்கம் வாங்கி வருவார்களே, அதுபோல பக்தர்கள் வாங்கிப் பூஜையில் வைத்தது.

இப்படிப்பட்ட பல காசுகளில் 51740 என்று ஓர் எண் இருக்கும். "அம்மாடி, ஐம்பதாயிரம் வருடம்!" என்று வாய் பிளக்காதீர்கள். கலியுகமே இப்போதுதான் 5,100 ஆண்டுகளைச் சற்றுத் தாண்டியிருக்கிறது. அந்த எண் எந்த ஆண்டையும் குறிக்காது. பெரும்பாலானவை 19, 20-ம் நூற்றாண்டுகளில் செய்தவைதான்.

இன்னொரு வகையும் உண்டு. ராமர் படம், '1818, கிழக்கிந்தியக் கம்பெனி, அரையணா' என்று போட்ட செம்புக் காசு. கம்பெனி அப்படி ஒன்றை வெளியிடவே இல்லை. அப்படியானால் கம்பெனி நாணயத்தில் சாமி உருவமே கிடையாதா? உண்டு! சென்னையில் அது அடித்த தங்க வராகனில் பெருமாள் இருக்கிறார். விஜயநகரத்துத் திருமலைராயர் வராகனிலும் ராமர், சீதை உண்டு. ஏன், அக்பரே ராமர், சீதை உருவத்தோடு நாணயம் வெளியிட்டார்! அந்த அக்பர் நாணயம் மிக அபூர்வம்.

இந்தச் செம்புக் காசை வைத்துத்தான் ஏமாற்றுகிறார்கள். "அரிசியை இழுக்கும் அதிசயக் காசு, பல லட்சம் பெறும்" என்பார்கள். அரிசியில் இரும்புத்தூளைத் தடவி, காசுக்கு அடியில் காந்தத்தை ஒளித்தால் எந்த அரிசியும் ஓடி வரும். தாத்தா பாட்டியிடம் யாராவது இப்படிப் பேசினால், உடனே அப்பா அம்மாவிடம் சொல்லுங்கள்.

சரி, காசை எப்படி ஆராய்வது? முதலில், புளி போட்டுத் தேய்க்காதீர்கள்! பழைய மெருகும் எழுத்தும் போய்விடும். பூதக்கண்ணாடியில் விளிம்பைப் பாருங்கள். பொடிப்பொடி ஓட்டைகளும், விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடும் தெரிந்தால் அச்சில் வார்த்தது என்று சந்தேகப்படலாம். நகைக்கடைத் தராசில் எடை பாருங்கள். காந்தத்தில் ஒட்டினால் அது செம்போ வெள்ளியோ அல்ல. எழுத்தை அப்படியே நோட்டில் வரைந்து, காசோடு அருங்காட்சியகத்துக்குக் கொண்டு போனால் சொல்வார்கள்.

உடுமலை பக்கத்து அமராவதி நகர்ப் பிள்ளைகளுக்கு ஒரு சேதி. உங்கள் அணையிலிருந்து போகும் ஆறு கரூரைத் தொடுகிறது அல்லவா? அங்கே ஆற்று மணலில் ரோமானியக் காசுகளும், 'மாக்கோதை' என்று தமிழ்ப் பிராமியில் எழுதிய சேரர் வெள்ளிக் காசும் கிடைத்திருக்கின்றன. ஆற்றில் விளையாடும்போது உங்களுக்கும் ஒன்று அகப்பட்டால்? மண்ணுக்குள் கிடைத்த பழம்பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால், மாவட்ட ஆட்சியருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். 1878-ம் ஆண்டின் புதையல் சட்டம் அப்படிச் சொல்கிறது.