இராமலிங்க விலாசம்: சுவர், விதான ஓவியங்கள்
காலம்: 18ஆம் நூற்றாண்டின் தொடக்கம்

சேதுநாட்டு (இராமநாதபுரம்) மன்னர் கிழவன் சேதுபதி எழுப்பிய இம்மண்டபத்தின் சுவர்களிலும், விதானம் எனப்படும் மேற்கூரையின் உட்புறத்திலும் காணப்படும் ஓவியங்கள், முத்து விஜயரகுநாத சேதுபதியின் ஆட்சிக்காலத்தில், காய்ந்த சுண்ணப்பூச்சின் மீது வண்ணம் தீட்டும் முறையில் வரையப்பட்டவை. இராமாயண, பாகவதக் காட்சிகளும், போர்க்களமும், ஐரோப்பியரை மன்னர் வரவேற்கும் காட்சியும் இவற்றுள் அடங்கும். பல காட்சிகளுக்குத் தமிழிலும் தெலுங்கிலும் விளக்கம் எழுதப்பட்டுள்ளது.

இவற்றுள் தலையாயது, சேதுபதிகளின் குலதெய்வமான இராஜராஜேசுவரி மன்னருக்குச் செங்கோல் அளிக்கும் காட்சி. செங்கோல் நீதி வழுவாத ஆட்சியின் குறியீடு என்பதால், அதைத் தேவியே நேரில் வழங்குவதாகக் காட்டுவது, சேதுநாட்டின் அரசுரிமை தெய்வத்திடமிருந்து வந்தது என்று அறிவிப்பதாகும். மதுரை நாயக்கர் விஜயரங்க சொக்கநாதர் சேதுபதிக்கு இரத்தினாபிஷேகம், அதாவது மணிகளைத் தலைமேல் சொரிந்து சிறப்புச் செய்யும் சடங்கு, நடத்தும் காட்சியும் இங்கேயே இடம்பெறுவதால், மண்ணுலகில் மேலரசரான நாயக்கர் தந்த பெருமையையும் மன்னர் விட்டுவிடவில்லை எனலாம்.

தெய்வ அருள் மனிதரை வந்தடைவதை ஓவியமாக்கும் மரபு பிற நாடுகளிலும் உண்டு. இத்தாலியத் தேவாலய விதானங்களில் அவ்வருளைக் கொண்டுவரும் பணி பெரும்பாலும் சிறகுள்ள வானதூதர்களுக்கு உரியது. ஆயினும் மைக்கலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை தீட்டிய சிஸ்டைன் சிற்றாலய விதானத்தில், ஆதாமைப் படைக்கும் கடவுளைச் சூழ்ந்துள்ள தூதர்களுக்குச் சிறகில்லை. இந்தியக் கலையின் கந்தருவரும் வித்தியாதரரும் பெரும்பாலும் அவ்வாறே சிறகின்றி, மடக்கிய கால்களும் காற்றில் அலையும் ஆடையுமாகப் பறப்பவர்கள்.