மாய உலகில் மூன்று மாலைகள்

அசுரர் நகரையும் தேவர் உலகையும் சொல்லினாலே கட்டியெழுப்பி, கேட்போரை அங்கே குடியேற்றும் கலை நம்மவர்க்குப் புதிதன்று. கந்தபுராணப் படிப்புக் கேட்டு வளர்ந்தவர்க்கு வீரமகேந்திரபுரம் அயலூர் போன்றது. ஆயினும் அங்கே கேட்போர் கேட்போராகவே இருந்தனர். இன்று கைப்பேசிக்குள் விரியும் மாய உலகிலோ, கேட்பவனே கதாநாயகனாகி இறங்கி நடக்கின்றான்.

மாணவர் ஓயாது பேசக் கேட்டு, 'ஜென்ஷின் இம்பக்ட்' என்னும் இணைய விளையாட்டை நாமும் மூன்று மாலைகள் ஆடிப் பார்த்தோம். ஷாங்காய் நகரிலே பல்கலைக்கழகத்தில் ஒருங்கு பயின்ற மூவர் நிறுவிய 'மிஹோயோ' நிறுவனம் 2020 செப்டெம்பர் 28இல் இதனை வெளியிட்டது. உலகறிந்த பழஞ்செய்தியே, நமக்குத்தான் புதிது.

உடன்பிறந்தோர் இருவர் பல உலகங்களைக் கடந்து வருகையில், பெயரறியாத் தெய்வமொன்று ஒருவரைக் கவர்ந்து செல்கின்றது. எஞ்சி நிற்பவரே நாம். பைமன் என்னும் சிறு தோழி வழிகாட்டுகின்றாள்; நம்மைப் பேசவிடாது தானே பேசுகின்றாள் என்பது வேறு விடயம். மொன்ட்ஸ்டாட் என்னும் முதல் நாடு ஜெர்மானியச் சாயலுடையது. காற்றாலைகளும் ஏரி சூழ்ந்த நகரமும் கண்ணுக்கு விருந்து. அந்நாட்டுக்குரிய இசையை லண்டன் பில்ஹார்மோனிக் இசைக்குழு வாசித்துள்ளது. எப்பாறையிலும் பற்றி ஏறலாம். உடல்வலு தீர்ந்தால் வீழ்ச்சிதான்.

பூதங்கள் ஐந்தென்று கற்ற நமக்கு இங்கே ஏழு: காற்று, பாறை, மின், நீர், தீ, பனி, தாவரம். இவற்றின் சேர்க்கையே போரின் நுட்பம். நனைந்த பகைவன்மேற் பனியை ஏவினால் அவன் உறைந்து நிற்பான். புல்வெளியிலே தீயம்பு எய்தால் புல் பற்றி நம்மையே சுடும். கேயா என்னும் வீரன் ஏரிநீரை உறையச் செய்ய, அதன்மேல் நடந்தே அக்கரை சேர்ந்தோம். இதனை வகுத்தவர் விஞ்ஞான பாடத்தை விரும்பிப் படித்தவராதல் வேண்டும்! 2022இல் சேர்ந்த சுமேரு நாட்டின் பெயர் நாமறிந்த மேருவே. உரையாடல்கள் 15 மொழிகளில் எழுத்தாகக் கிடைக்கின்றன. தமிழ் அவற்றுள் இல்லை.

இனி, பெற்றோர் ஊன்றி நோக்கவேண்டிய பகுதி. விளையாட்டு இலவசம், புதிய வீரரைப் பெறுவதோ குலுக்கலால். ஒரு குலுக்கலுக்கு 160 மணிகள் வேண்டும். மிக அரிய வீரர் வருதற்குரிய வாய்ப்பு நூற்றுக்கு 0.6 மட்டுமே. பத்து முறை குலுக்கினும் ஏறத்தாழ நூற்றுக்கு ஆறு. தொண்ணூறாவது முறைக்குள் ஒருவர் வருவது உறுதி. அதற்கு 14,400 மணிகள் தேவை. நாள்தோறும் ஏவப்படும் நான்கு பணிகளை முடித்தாற் கிடைப்பவை 60. வேறு வரவில்லையெனில் 240 நாட்கள்! விழாக்களும் கதைப்பகுதிகளும் மேலும் தருமென்பது மெய்யே. ஆயினும் காத்திருக்க மாட்டாத சிறுவனுக்கு எதிரே பணத்தால் மணி வாங்கும் கடை திறந்தே கிடக்கின்றது.

2025 ஜனவரியில் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு, குலுக்கலின் மெய்யான செலவையும் வாய்ப்பையும் குறித்துச் சிறுவர் உள்ளிட்டோர் தவறாக வழிநடத்தப்பட்டனர் எனக் குற்றஞ்சாட்டியது. விளையாட்டை நடத்துவோர் 2 கோடி டொலர் செலுத்தவும், பெற்றோர் இசைவின்றிப் பதினாறு வயதுக்குட்பட்டோர்க்கு இத்தகைய குலுக்கலை விற்காதிருக்கவும் உடன்பட்டனர். அச்சட்டம் நம் வீட்டு வாயிலுக்கு வராது. கைப்பேசியிற் கொள்வனவுக்குக் கடவுச்சொல் இட்டு, அதனைப் பெற்றோரே வைத்திருத்தல் எளிய காப்பு.

மூன்றாம் மாலை, தொடக்கத்தார்க்குரிய பத்துக் குலுக்கலை ஆடினோம். வானிலே விண்மீன் விழும். பொன்னிறமாயின் அரியவர், ஊதாவாயின் அடுத்த தரத்தினர். கணக்கையெல்லாம் தாளில் எழுதிவைத்திருந்த நமக்கும் அக்கணம் நெஞ்சு படபடத்ததை மறைப்பதற்கில்லை. ஊதாவே விழுந்தது. வந்தவள் நொயெல், அப்பத்தினுள் அவள் வருவது முன்னரே விதிக்கப்பட்டதாம்.

நகரின் தெற்கே தெரியும் பனிமலையில் இன்னும் ஏறவில்லை. தவணைப் பரீட்சை விடைத்தாள்களைத் திருத்தி முடித்தபின் ஏறுவோம்.