950 கிலோமீட்டரில் விழுந்த ஏவுகணைக்கு ஏன் இத்தனை பரபரப்பு?

மாணவர்களே, 2017 நவம்பர் 29ஆம் தேதி அதிகாலையில் வடகொரியா ஓர் ஏவுகணையைச் சோதித்தது. ஹுவாசோங்-15 என்பது அதன் பெயர். 53 நிமிடம் பறந்த அது, ஏவிய இடத்திலிருந்து ஏறக்குறைய 950 கிலோமீட்டர் தள்ளி ஜப்பானுக்கு அருகே கடலில் விழுந்தது. ஜொகூர் பாருவிலிருந்து தாய்லாந்து எல்லைவரை செல்லும் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அப்படியிருக்க, பசிபிக் பெருங்கடலுக்கு அப்பால் இருக்கும் அமெரிக்கா ஏன் கவலைப்பட்டது?

தூரத்தை விடுங்கள், உயரத்தைப் பாருங்கள். அந்த ஏவுகணை 4,475 கிலோமீட்டர் மேலே சென்றது. அனைத்துலக விண்வெளி நிலையமே சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில்தான் சுற்றுகிறது.

செடிக்கு நீர் பாய்ச்சும் ரப்பர் குழாயை ஏறக்குறைய நேர்மேலே பிடித்துப் பாருங்கள். நீர் உயரே எழும்பி உங்கள் காலடியிலேயே விழும் (நனைவீர்கள்!). குழாயைச் சாய்த்தால், அதே நீர் வேலியைத் தாண்டும். குழாய்த் திறப்பின் வேகம் மாறவில்லை, கோணம்தான் மாறியது. நேர்மேலே எறிந்த பொருள் எவ்வளவு உயரம் போகுமோ, அதே வேகத்தில் 45 பாகைச் சாய்வில் எறிந்தால் அதைப்போல் இரு மடங்கு தூரம் போகும். உங்கள் இயற்பியல் பாடத்தில் வரும் கணக்குதான் இது. ஆனால் அது தட்டைத் தரைக்குரியது. பூமி உருண்டை; கீழே விழவேண்டிய பொருளிடமிருந்து தரையே வளைந்து விலகுகிறது. இவற்றையெல்லாம் சேர்த்துக் கணக்கிட்ட நிபுணர்கள், சாய்வாக ஏவினால் அது 13,000 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடும் என்றார்கள். கனமான வெடிமுனையைச் சுமந்தால் தூரம் குறையும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பாலிஸ்டிக் ஏவுகணையின் அடிப்படையே இந்த ‘எறிதல்’தான். இயந்திரம் முதல் மூன்று முதல் ஐந்து நிமிடம் மட்டுமே எரியும். அதற்குள் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 7 கிலோமீட்டரை எட்டிவிடும். பிறகு காற்றில்லாத விண்வெளியில், வீசிய கல்லைப்போல் ஈர்ப்புவிசை இழுக்கும் வழியில் செல்லும். கடைசி ஓரிரு நிமிடத்தில் வெடிமுனை வளிமண்டலத்தைக் கிழித்துக்கொண்டு இறங்கும். 10,000 கிலோமீட்டர் தூரத்தைக் கடக்க அரை மணி நேரம் போதும்.

5,500 கிலோமீட்டருக்கு மேல் பாய்பவற்றையே கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை என்கிறோம். ரஷ்யா, அமெரிக்கா, சீனா, வடகொரியா ஆகியவை அவற்றைத் தரையிலிருந்து ஏவவல்லவை. பிரிட்டனும் பிரான்சும் தங்கள் நெடுந்தூர ஏவுகணைகளை நீர்மூழ்கிக் கப்பல்களில் வைத்திருக்கின்றன. 2012இல் முதன்முறை சோதிக்கப்பட்ட அக்னி-5 ஏவுகணை 5,000 கிலோமீட்டருக்கு மேல் பாயும் என்கிறது இந்தியா. இஸ்ரேலிடமும் உண்டு எனக் கருதப்படுகிறது. அந்நாடு அதை உறுதிசெய்ததில்லை.

ஏவுகணைக்கும் விண்வெளி ராக்கெட்டுக்கும் என்ன வேறுபாடு? பெரும்பாலும் உச்சியில் வைக்கும் பொருள்தான். 1957 ஆகஸ்ட்டில் சோவியத் யூனியன் வெற்றிகரமாகச் சோதித்த ஆர்-7, உலகின் முதல் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை. அதே ஆண்டு அக்டோபர் 4ஆம் தேதி முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக்கை விண்ணுக்குக் கொண்டு சென்றதும் அதே ஆர்-7 வகைதான். இன்றைய சோயுஸ் ராக்கெட்டுகள் அதன் வாரிசுகள்.

இந்த ஒற்றுமை ஒருமுறை உலகைப் பெரும் ஆபத்தின் விளிம்புக்குக் கொண்டுபோனது. 1995 ஜனவரி 25ஆம் தேதி, துருவ ஒளியை ஆராய்வதற்காக நார்வேயின் அன்டோயா தீவிலிருந்து நார்வே, அமெரிக்க அறிவியலாளர்கள் ஒரு ராக்கெட்டை ஏவினர். ரஷ்ய ரேடாருக்கு அது நீர்மூழ்கியிலிருந்து வந்த அணு ஏவுகணையைப்போல் தெரிந்தது. அதிபர் போரிஸ் யெல்ட்சினின் அணுவாயுதப் பெட்டி இயக்க நிலைக்குக் கொண்டுவரப்பட்டது. முடிவெடுக்க இருந்தவை சில நிமிடங்களே; பாய்ந்துவிட்ட ஏவுகணையைத் திரும்ப அழைக்கவும் முடியாது.

ராக்கெட் ரஷ்யாவை விட்டு விலகிச் செல்வது தெரிந்தபின் பதற்றம் தணிந்தது. ஏவிய 24 நிமிடத்தில், திட்டமிட்டபடியே ஸ்பிட்ஸ்பெர்கன் தீவருகே அது விழுந்தது. இந்தச் சோதனை பற்றி நார்வே பல வாரங்களுக்கு முன்பே ரஷ்யாவுக்குத் தெரிவித்திருந்தது. அந்தத் தகவல் ரேடார் முன் அமர்ந்திருந்தவர்களுக்குப் போய்ச் சேரவில்லை.