தோ… தோ… தோ…

இரவு பத்தரை மணி. செங்கல்பட்டுக்குப் போகும் மின்சார ரயில் தடதடத்துக் கடந்த பிறகு எங்கள் தெரு அடங்கிவிடும். அந்த நேரத்தில்தான் அம்மாவின் குரல் எழும். "வீராஆஆ… உள்ள வாடாஆஆ… கேட்டப் பூட்டணும்."

எதிரே இருக்கும் காலி மனையில், தெருவிளக்கு வெளிச்சம் விழும் இடத்தில் வீரா நிற்பான். ஒன்பது மாத நாட்டு நாய். செம்பழுப்பு நிறம், விறைத்து நிற்கும் காதுகள். வாலை ஆட்டுவான், ஆனால் வரமாட்டான். அம்மா ஓரடி முன்னால் வைத்தால் அவன் ஈரடி பின்னால் வைப்பான். தெருமுனையைத் தாண்டினால் சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலை. ராத்திரியில் கன்டெய்னர் லாரிகளும், புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு போகும் நீள வண்டிகளும் அதில் ஓயாமல் ஓடும். அந்தச் சாலையின் ஓரத்தில் காலையில் என்னென்ன கிடக்கும் என்பதை இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் அம்மாவின் குரலில் பதற்றம் ஏறும், பதற்றம் கோபமாகும். "நாய் வாலை நிமிர்த்த முடியுமா? திமிர் பிடிச்ச நாய்டா இது" என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார்.

அதே நாய் 11.45 மணிக்கு வேறு நாயாகிவிடும். செகண்ட் ஷிப்ட் முடித்துத் தம்பி வரும் கம்பெனி பஸ், முனையில் திரும்பும்போதே வீரா ஓடிவந்து கேட்டருகே நின்றுவிடுவான். அந்த நேரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக எத்தனையோ கம்பெனி பஸ்கள் போகின்றன. எல்லாவற்றுக்கும் அவன் ஓடுவதில்லை. தம்பி இறங்கும் பஸ்ஸின் இன்ஜின் சத்தம் மட்டும் அவனுக்குத் தெரிகிறது. தம்பியின் பின்னாலேயே சமர்த்தாக உள்ளே வந்து படுத்துக்கொள்வான். யாரும் அவனுக்கு இதைச் சொல்லித்தரவில்லை. நாங்கள் ஆறு மாதமாகச் சொல்லித்தந்த 'வா'தான் அவனுக்கு ஏறவில்லை.

ஏறவில்லை என்று நான் நினைத்ததுதான் தவறு. மிக நன்றாக ஏறியிருந்தது.

ரஷ்ய விஞ்ஞானி இவான் பாவ்லோவ் நாய்களின் மனத்தை ஆராயப் புறப்பட்டவர் அல்ல. அவருடைய துறை செரிமானம். 1904-ல் நோபல் பரிசு கிடைத்ததும் அதற்காகத்தான். உணவு வாயில் பட்டதும் எச்சில் எப்படிச் சுரக்கிறது என்று அளந்துகொண்டிருந்த அவருடைய ஆய்வகத்தில் ஒரு தொந்தரவு இருந்தது. உணவு வருவதற்கு முன்பே, அதைக் கொண்டுவரும் பணியாளைக் கண்டதுமே நாய்களுக்கு எச்சில் ஊறத் தொடங்கியது. அளவுகளைக் கெடுத்த அந்தத் தொந்தரவையே அவர் பிடித்துக்கொண்டு பல ஆண்டுகள் ஆராய்ந்தார். எந்தச் சத்தமும், எந்தக் காட்சியும், தனக்குப் பின்னால் என்ன வருகிறதோ அதையே தன் பொருளாக்கிக்கொள்ளும் என்பது அதிலிருந்து தெரிந்தது. பஸ் சத்தத்துக்குப் பின்னால் தம்பி வருகிறான். அம்மாவின் 'வா'வுக்குப் பின்னால் வருவது என்ன?

ஒரு நாள் முழுக்க நாங்கள் வீராவை எதற்கெல்லாம் கூப்பிடுகிறோம் என்று கவனித்துப் பார்த்தேன். குளிப்பாட்ட, உண்ணி மருந்து போட, செருப்பைக் கடித்ததற்குத் திட்ட, சங்கிலியில் கட்ட. இரவில் கூப்பிட்டால் கேட் பூட்டப்படும். சோற்றை ஏழரை மணிக்கே வைத்துவிடுகிறோம் என்பதால் உள்ளே அவனுக்காகக் காத்திருப்பது ஒரு கோணிப்பையும் இருட்டும்தான்.

வெளியிலோ, அந்த நாளின் நல்ல பொழுதே அப்போதுதான் தொடங்கியிருக்கும். நாய்க்கு நம்மைப் போல உடம்பு முழுக்க வியர்க்காது. பாதங்களில் கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவுதான். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்தே சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். சித்திரை வெயிலில் பகல் பூராவும் படியோர நிழலில் சுருண்டு கிடந்த இளநாய்க்கு, மண் குளிர்ந்த பிறகுதான் கால்களில் வேகம் வருகிறது. காலி மனையில் பெருச்சாளிகள் வெளியே வருகின்றன. அவன் மூக்குக்கு அது ஒரு திருவிழா. நாங்கள் 'வா' என்றால் திருவிழா முடிந்தது என்று பொருள். வீரா அந்தச் சொல்லைச் சரியாகவே புரிந்துகொண்டிருந்தான்.

சுவிட்சர்லாந்தில் உல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்ற நரம்பியலாளர் குரங்குகளிடம் செய்த ஆய்வுகள் இதை மூளைக்குள் காட்டுகின்றன. எதிர்பாராமல் பழச்சாறு கிடைக்கும்போது, டோபமைன் சுரக்கும் நரம்பணுக்கள் துடிக்கின்றன. பழச்சாற்றுக்கு முன்னால் ஒரு விளக்கை எரியவைத்துப் பழக்கினால், கொஞ்ச நாளில் அந்தத் துடிப்பு விளக்குக்கு இடம் மாறிவிடுகிறது. சாறு வரும்போது பெரிய துடிப்பு இல்லை. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், அது வந்திருக்க வேண்டிய நொடியில் அந்த அணுக்களின் வேகம் வழக்கத்தைவிடக் கீழே இறங்குகிறது. ஏமாற்றத்தை மூளை கணக்கில் எழுதிக்கொள்ளும் விதம் இது. பீட்டர் டயன், ரீட் மான்டேகு ஆகியோருடன் சேர்ந்து 1997-ல் ஷூல்ட்ஸ் வெளியிட்ட கட்டுரை இந்தக் கணக்கைத் தெளிவாக விளக்கியது. ஒவ்வொரு இரவும் பத்தரை மணிக்கு நாங்கள் வீராவின் கணக்கில் ஒரு நஷ்டத்தை எழுதிக்கொண்டிருந்தோம்.

வயதும் சேர்ந்துகொண்டது. பிரிட்டனில் லூசி ஆஷர் குழுவினர், பார்வையற்றோருக்கு வழிகாட்ட வளர்க்கப்படும் நாய்களை ஆராய்ந்து 2020-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஐந்து மாதத்தில் 'உட்கார்' என்றதும் உட்கார்ந்த குட்டிகள், எட்டு மாதத்தில் வளர்ப்பவரின் சொல்லை மட்டும் அதிகமாகத் தட்டின. அறியாதவர் சொன்னால் கேட்டன. ஒரு வயதை நெருங்கும்போது வளர்ப்பவரிடம் மறுபடியும் ஒழுங்காயின. இதைப் படித்தபோது எனக்குப் பெரிய நிம்மதி. எதிர் வீட்டு அக்கா கூப்பிட்டால் வீரா துள்ளிக்கொண்டு போவதைப் பார்த்து அம்மா மனம் வாடியிருந்தார். "பெத்த பிள்ளைங்க பதினஞ்சு வயசுல செஞ்சதத்தான் இதுவும் செய்யுது" என்று அதன்பிறகு அவரே சொல்லிக்கொண்டார். இந்த வயதில்தான் பலர் நாயைத் திருந்தாது என்று முடிவுகட்டித் தெருவில் விட்டுவிடுகிறார்கள். இன்னும் நான்கைந்து மாதம் பொறுத்திருந்தால் போதும் என்பது தெரியாமல் நடக்கும் கொடுமை அது.

நாட்டு நாய்க்குப் பயிற்சி ஏறாது என்ற பேச்சையும் இங்கேயே முடித்துவிடலாம். கொல்கத்தா ஐசர் நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு பல ஆண்டுகளாக நம் தெருநாய்களை ஆராய்கிறது. யாரும் பழக்காத தெருநாய்கள்கூட, முன்பின் அறியாத மனிதர் கைநீட்டிக் காட்டும் திசையைப் புரிந்துகொண்டு போகின்றன. இன்னொன்றும் அவர்கள் கண்டார்கள்: வளர்ந்த நாய்கள், கைகாட்டுபவர் நம்பத்தக்கவரா என்று பார்த்துத் தங்கள் நடத்தையை மாற்றிக்கொள்கின்றன. எங்கள் வீட்டில் நடந்ததும் இதுவேதான் என்று எனக்குப் பட்டது.

ஆகவே கெட்டுப்போன சொல்லைக் கைவிட்டேன். 'வா' இனி வீட்டில் யாருக்கும் இல்லை. புதுச் சொல் வேண்டும். என்ன சொல்?

இங்கேதான் பாட்டி ஞாபகம் வந்தார். சோறு மிஞ்சினால் வாசலில் நின்று "தோ… தோ… தோ…" என்பார். எங்கிருந்தோ நாய்கள் பறந்து வரும். தமிழ்நாட்டுக் கிராமங்களில் நாய்க்கு இதுதான் அழைப்பு. கோழிக்கு "பா… பா… பா…". எல்லாம் குட்டைச் சத்தங்கள், அடுத்தடுத்து வருபவை. வண்டிமாட்டை ஓட்டுகிறவரையும் நினைத்துப் பாருங்கள். விரட்டும்போது "ஹை ஹை ஹை" என்று நறுக்கிச் சொல்வார். நிறுத்தும்போது "ஹோஓஓ…" என்று இழுத்து இறக்குவார்.

அமெரிக்க விலங்கு நடத்தை ஆய்வாளர் பாட்ரீசியா மெக்கானல், பல மொழிகள் பேசும் விலங்குப் பயிற்றுநர்களின் குரல்களைப் பதிவு செய்து பார்த்தபோது இதே ஒழுங்கைக் கண்டார். மொழி எதுவானாலும், விலங்கை முடுக்கக் குட்டைச் சத்தங்களைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். தணிக்கவும் நிறுத்தவும் ஒரே நீள ஒலியை இழுக்கிறார்கள். இது வெறும் வழக்கமா என்று நாய்க்குட்டிகளிடம் சோதித்து 1990-ல் வெளியிட்டார். மேலேறும் நான்கு குட்டை ஒலிகளைக் கேட்ட குட்டிகள், கீழிறங்கும் ஒரே நீள ஒலியைக் கேட்டவற்றைவிட நன்றாக வரப் பழகின. அம்மாவின் "வீராஆஆ… வாடாஆஆ" எந்த வடிவம்? மாட்டை நிறுத்துகிற வடிவம். உடம்பை நில் என்று சொல்லும் இசையில் வா என்ற சொல்லைப் பாடிக்கொண்டிருந்தோம். எந்த ஆய்வகமும் இல்லாமல் பாட்டி சரியாகக் கூப்பிட்டிருக்கிறார். இதை எழுதும்போதும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

குரலின் பாவமும் முக்கியம். ஹங்கேரியில் அட்டிலா ஆண்டிச் குழு, அசையாமல் படுக்கப் பழகிய 13 நாய்களின் மூளையை எம்.ஆர்.ஐ. கருவியில் பார்த்து 2016-ல் வெளியிட்ட ஆய்வில், பாராட்டுச் சொல்லைப் பாராட்டும் தொனியில் சொன்னபோதுதான் மகிழ்ச்சியோடு தொடர்புடைய பகுதி நன்கு தூண்டப்பட்டது. சொல் ஒன்று, தொனி வேறு என்றால் பலிக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு "கண்ணு வாடா" என்றால் நாய்க்குப் பல்கடிப்பும் கேட்கிறது.

முதல் வாரம் வீட்டுக்குள்ளேயே. கூடத்தில் ஆறடி தள்ளி அவன் நிற்கும்போது "தோ தோ தோ" என்பேன். திரும்பி வந்த நொடியில் வேகவைத்த கோழி ஈரலில் ஒரு துணுக்கு. பட்டாணி அளவுதான். வந்த ஓரிரு நொடிக்குள் வாயில் விழவேண்டும். தாமதித்தால் வந்ததற்கும் ஈரலுக்கும் உள்ள முடிச்சு அவிழ்ந்துவிடும். ஒரு வேளைக்கு ஏழெட்டு முறை, பிறகு நிறுத்திவிடுவேன், அவனுக்குச் சலிக்கக்கூடாது. இரண்டாம் வாரம் வாசல். அதன்பிறகுதான் காலி மனை. அங்கே மார்புப் பட்டையில் முப்பதடித் தாம்புக்கயிறு கட்டினேன். கழுத்துப் பட்டையில் கட்டினால் ஓடும் வேகத்தில் குரல்வளை நசுங்கும். நைலான் கயிறும் வேண்டாம், உள்ளங்கையை அறுத்துவிடும். கயிறு அவனை இழுப்பதற்கு அல்ல, கூப்பிட்டும் வராமல் போய்விடுவது என்ற அனுபவமே அவனுக்குக் கிடைக்காமல் பார்ப்பதற்கு.

ஒரே முறைதான் கூப்பிட வேண்டும். பத்து முறை கூப்பிட்டால் பதினோராவது முறைதான் பொருட்டு என்று நாய் கற்றுக்கொள்ளும். வரவில்லையென்றால் துரத்தக்கூடாது, துரத்துவது அவனுக்கு விளையாட்டு. நான் திரும்பி எதிர்த்திசையில் ஓடினேன். வேட்டைக்காரப் பரம்பரை அல்லவா, ஓடுவதைத் துரத்தாமல் இருக்க முடியவில்லை.

எல்லாவற்றையும் விடப் பலன் தந்தது வேறொன்று. அமெரிக்க உளவியலாளர் டேவிட் பிரிமாக் 1959-ல் முன்வைத்த கருத்து இது: ஓர் உயிர் மிகவும் விரும்பிச் செய்யும் செயலே, அது அவ்வளவாக விரும்பாத செயலுக்குப் பரிசாக முடியும். வீராவுக்கு ஈரலைவிடப் பெரிய பரிசு பெருச்சாளி வளை. எனவே இரவு ஒன்பதரை முதல் பத்தரை வரை பலமுறை கூப்பிட்டேன். வந்தால் துணுக்கு, உடனே "போ" என்று விட்டுவிடுவேன். கடைசி முறை மட்டும் உள்ளே. எந்த அழைப்பு கடைசி என்று அவனுக்குத் தெரியாது. திருவிழாவை முடிக்கும் சொல், திருவிழாவுக்குள் திரும்ப அனுப்பும் சொல்லாக மாறியது.

சோற்றையும் ஏழரையிலிருந்து பத்தரைக்கு மாற்றினோம். பூட்டிய பிறகு, கோணிப்பைக்குப் பக்கத்தில்.

நடுவே ஒரு சறுக்கல். ஒரு நாள் யாரோ கேட்டைத் திறந்துபோட, வீரா சாலைவரை போய்விட்டுப் பத்து நிமிடம் கழித்துத் தானே திரும்பி வந்தான். பயத்தில் அம்மா ஒரு அடி வைத்துவிட்டார். ஓடியதற்குத்தான் அடி என்று நமக்குத் தெரியும். நாய்க்கு அடி ஒட்டிக்கொள்வது கடைசியாகச் செய்த செயலோடு. அவன் கடைசியாகச் செய்தது, திரும்பி வந்தது. அடுத்த நான்கு நாள் வாசலுக்குள் கூப்பிட்டாலே தயங்கினான். கூடத்திலிருந்து மறுபடி தொடங்கினோம். அம்மா அதற்காக அழுதார். அன்றிலிருந்து எவ்வளவு தாமதமாக வந்தாலும் வந்தவனுக்குத் தடவல்தான்.

மூன்றாம் மாதத்தில் ஈரலை ஒவ்வொரு முறையும் கொடுப்பதை நிறுத்தினேன். சில முறை தடவல் மட்டும், எப்போதாவது கைநிறைய. ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் 1957-ல் வெளியிட்ட பெரிய ஆய்வு நூல் காட்டியதுபோல, எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசால் ஊன்றிய பழக்கம் எளிதில் அழிவதில்லை. இதை முதல் வாரமே செய்தால் பழக்கம் ஊன்றவே ஊன்றாது. அவசரப்படுகிறவர்கள் தோற்பது இந்த இடத்தில்தான்.

போன வாரம் தம்பிக்கு வீக் ஆஃப், பஸ் இல்லை. பத்து மணிக்குக் கரண்ட் போனது. தெரு முழுக்க இருட்டு. காலி மனையின் கடைக்கோடியில், சாலைப் பக்கம், வளை ஒன்றை வீரா பறித்துக்கொண்டிருக்கும் சத்தம் மட்டும் கேட்டது. கயிறு அவன் பட்டையில்தான் இருந்தது, ஆனால் பிடிக்க ஆளில்லை. நான் எழுவதற்குள் அம்மா வாசலுக்குப் போய்விட்டார். "தோ தோ தோ." ஒரே முறை. குரலில் நடுக்கம் இல்லை. பறிக்கும் சத்தம் நின்றது. ஒரு லாரி கடந்து போயிற்று. பிறகு சருகுமேல் கயிறு இழுபடும் சத்தம், அதற்குப் பின் சிமென்ட் தரையில் நகங்கள். அம்மாவின் புடவையில் மண் படிந்த மூக்கைத் தேய்த்தான். அவர் மடியிலிருந்து ஈரலை எடுத்துக் கொடுத்தார். கயிற்று நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு, பூட்டைக் கீழே வைத்துவிட்டு, கேட்டை மறுபடி திறந்தார்.

"போ, இன்னும் ரெண்டு நிமிஷம்."