மனிதன் சுருள்வில் அல்லன்

ஆய்வகத்தில் சுருள்வில்லின் முனையில் எடைகளைத் தொங்கவிட்டுப் பார்த்திருப்பீர்கள். எடையை இரு மடங்காக்கினால் வில்லின் நீட்சியும் இரு மடங்காகும். மீட்சி எல்லைக்குள் ஹூக்கின் இந்த விதி பிசகுவதில்லை. ஒரு தொழிலாளியிடமும் இப்படி எதிர்பார்க்கலாமா? கூடுதல் காசு கிடைக்கும் என்றால் அவருடைய உழைப்பும் அதற்கேற்பக் கூடிவிடுமா? அமெரிக்காவில் நடந்த மூன்று ஆய்வுகளின் துணைகொண்டு விடை தேடுவோம்.

முதலாவது, சேஃப்லைட் என்ற நிறுவனத்தில் நடந்தது. கார்களின் உடைந்த முன்கண்ணாடியை மாற்றித் தருவது அதன் தொழில். முன்பு அங்கே மணிக்கணக்கில்தான் கூலி. ஒருவர் நாளைக்கு இரண்டு கண்ணாடி பொருத்தினாலும் நான்கு பொருத்தினாலும் ஊதியம் ஒன்றே. 1994, 1995-ஆம் ஆண்டுகளில், பொருத்தும் கண்ணாடி ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி முறையை மாற்றினார்கள். திருப்பூர்ப் பனியன் தொழிலாளர் ‘பீஸ் ரேட்’ என்று சொல்வது இதைத்தான். வேலை குறைந்த நாளிலும் ஒரு குறைந்தபட்ச ஊதியம் உறுதி.

பொருளியல் அறிஞர் எட்வர்டு லாசியர் இந்நிறுவனத்தின் கணக்குகளை ஆராய்ந்தார். ஆள் ஒருவரின் சராசரி வேலை அளவு 44 விழுக்காடு உயர்ந்திருந்தது! இதில் ஏறத்தாழப் பாதி, பழைய தொழிலாளரே முன்பைவிட முனைந்து உழைத்ததால் வந்தது. மீதிக்குப் பெரிய காரணம், சுறுசுறுப்பானவர்கள் புதிதாக வந்து சேர்ந்தது.

“அவசரத்தில் வேலை கெட்டுப்போகாதா?” என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. சரியாகப் பொருந்தாத கண்ணாடியைப் பொருத்தியவரே கூலியின்றி மீண்டும் பொருத்தித் தரவேண்டும் என்பது விதி. ஆகவே எண்ணிக்கையோடு தரமும் கணக்கில் வந்தது. எதை அளந்து கூலி கொடுக்கிறோமோ அதுதான் வளரும் என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

இனி இரண்டாவது ஆய்வு. சிகாகோவுக்கு அருகில் ஹாதார்ன் என்னும் தொழிற்சாலை இருந்தது. தொலைபேசிக் கருவிகள் செய்யும் இடம். 1931, 1932-ஆம் ஆண்டுகளில் அங்கே கம்பி இணைக்கும் 14 ஆண்களை ஒரு தனி அறையில் அமர்த்தி, வேலை செய்யும் விதத்தைக் கவனித்தார்கள். குழுவின் மொத்த உற்பத்தி கூடினால் எல்லோருக்கும் ஊதியம் கூடும். ஆயினும் நடந்தது வேறு! நாளுக்கு இவ்வளவு போதும் என்று அவர்களே ஓர் அளவு வைத்துக்கொண்டு, அதை எட்டியதும் கையைத் தளர்த்தினார்கள். வேகமாகச் செய்தவரைக் கேலி செய்தார்கள். தோளுக்குக் கீழே ஒரு குத்தும் விழுந்தது. ஏன்? அதிகம் செய்து காட்டினால் கூலி விகிதத்தைக் குறைத்துவிடுவார்கள், அல்லது சிலரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற அச்சமே. உலகெங்கும் தொழில்கள் நலிந்து கிடந்த காலம் அது.

மூன்றாவது, உளவியலறிஞர் எட்வர்டு டெசி 1971-இல் வெளியிட்ட ஆய்வு. ஏழு துண்டுகளைச் சேர்த்து உருவம் அமைக்கும் ‘சோமா’ புதிரைக் கல்லூரி மாணவர்களிடம் கொடுத்தார். அவர்களை இரு குழுக்களாகப் பிரித்து, இரண்டாம் அமர்வில் மட்டும் ஒரு குழுவுக்குப் புதிர் ஒன்றுக்கு ஒரு டாலர் கொடுத்தார். மூன்றாம் அமர்வில் யாருக்கும் காசு இல்லை. ஓய்வு நேரத்தில் அவர்கள் தாமாகவே புதிரைத் தொடுகிறார்களா என்று மறைவாகக் கவனித்தபோது, காசு வாங்கிப் பழகியவர்களின் ஆர்வம் குறைந்திருந்தது. மற்றக் குழுவிடம் அந்தச் சரிவு இல்லை. டெசியும் அவருடைய துணைவர்களும் 1999-இல் 128 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், சுவையான வேலைக்கு முன்கூட்டியே சொல்லிக் கொடுக்கும் பரிசு தானாக எழும் ஆர்வத்தைக் குறைப்பதாகவே தெரிந்தது. மனமார்ந்த பாராட்டோ ஆர்வத்தை வளர்த்தது.

வில், தன்மேல் எடையை ஏன் தொங்கவிடுகிறார்கள் என்று கேட்பதில்லை. மனிதன் கேட்கிறான். ‘இந்தக் கூலி நாளைக்கும் நிலைக்குமா? கொடுப்பவரை நம்பலாமா? இது எனக்குப் பிடித்த வேலையா?’ என்றெல்லாம் எண்ணிப் பார்த்த பிறகே கையை வேகமாக அசைக்கிறான்.

“முதல் மதிப்பெண் வாங்கினால் சைக்கிள்” என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்களா? மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் சைக்கிள் வந்த மறுநாளும் அந்தப் பாடப் புத்தகத்தை நீங்களாகவே திறக்கிறீர்களா என்று கவனியுங்கள். இந்தச் சோதனைக்கு ஆய்வகம் வேண்டியதில்லை.