அடங்கலில் யார் பெயர்?

சம்பா நாற்று வேர் பிடிக்கிற ஐப்பசி, கார்த்திகையில் வாய்க்காலும் வயலும் ஒன்றாகிவிட்டால், காவிரி டெல்டாவில் எழும் முதல் கேள்வி, 'நிவாரணம் எவ்வளவு?' அதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டியது ஒன்று உண்டு: கிராம நிர்வாக அலுவலரின் சாகுபடிக் கணக்கான அடங்கலில் யார் பெயர் இருக்கிறது?

பயிர்ச்சேதம் 33 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால்தான் பேரிடர் நிதியிலிருந்து நிவாரணம். 2022-26 காலத்துக்கான மத்திய விதிப்படி ஹெக்டேருக்கு மானாவாரிப் பயிருக்கு 8,500 ரூபாய், பாசனப் பயிருக்கு 17,000, பல்லாண்டுப் பயிருக்கு 22,500. உச்சவரம்பு 2 ஹெக்டேர். ஏக்கர் கணக்கில் பார்த்தால் நெல்லுக்கு 7,000 ரூபாய்கூட வராது. விதியின் பார்வையில் இது நஷ்டஈடு அல்ல, விதைக்கும் உரத்துக்குமான இடுபொருள் உதவி. மாநில அரசு விரும்பினால் கூட்டித் தரலாம். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தென்னைக்கு, மரத்துக்கு 600 ரூபாயும் அதை வெட்டி அகற்ற 500 ரூபாயும் அறிவிக்கப்பட்டது.

தொகை குறைவு என்பதைவிட என்னை வருத்துவது, அந்தக் குறைந்த தொகையும் இடுப்பளவு தண்ணீரில் நின்றவருக்குப் போகாமல் பட்டாதாரர் கணக்குக்குப் போய்விடுவது. குத்தகை பெரும்பாலும் வாய்ப்பேச்சு. எழுதிக் கொடுத்தால் நிலம் கைவிட்டுப் போய்விடுமோ என்று உரிமையாளர் தயங்குகிறார். குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. பதிவு கைகூடாவிட்டாலும், நட்டு முடித்ததுமே கிராம நிர்வாக அலுவலரிடம் போய், சாகுபடி செய்பவர் என்று உங்கள் பெயரை அடங்கலில் ஏற்றச் சொல்லுங்கள். வெள்ளம் வந்த பிறகு கேட்டால் அது தகராறாகிவிடும். வருவாய்த் துறையும் வேளாண் துறையும் கணக்கெடுக்க வரும்போது வரப்பில் கூடவே நடந்து, சர்வே எண்ணும் பரப்பும் சரியாக எழுதப்படுகிறதா என்று பாருங்கள்.

பயிர்க் காப்பீடு வேறு கணக்கு. சம்பாவுக்குக் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம் பிரீமியம் கட்டினால் போதும். ஆனால், மகசூல் இழப்பை உங்கள் வயலை வைத்து அளக்க மாட்டார்கள். கிராமத்தில் சில வயல்களை அறுத்துப் பார்த்து, அந்தச் சராசரியை வைத்தே எல்லோருக்கும் முடிவு. பள்ளத்து வயல் அழுகியும் மேட்டு வயல் விளைந்திருந்தால் பணம் வராமல் போகலாம். அறுவடைப் பரிசோதனை நாளில் அங்கே போய் நில்லுங்கள். அறுத்துப் போட்ட கதிர் 14 நாட்களுக்குள் மழையில் நனைந்தால் கதை வேறு. அது தனிநபர் இழப்பு. 72 மணி நேரத்துக்குள் 14447 என்ற தொலைபேசி எண்ணில் தெரிவித்துவிட வேண்டும். நனைந்த கதிரைக் காயவைக்கும் அவசரத்தில் இந்தக் கெடுவைத் தவறவிடுபவர்கள் பலர்.

நிவாரணப் பட்டியலில் பெயர் விடுபட்டால் மாதந்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். 1100 என்ற தொலைபேசி எண்ணிலும் புகார் செய்யலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, பயனாளிகள் பட்டியலையும் பரிசோதனையில் பதிவான மகசூலையும் கேளுங்கள். 30 நாட்களில் பதில் தர வேண்டும். பெயர் இருந்தும் பணம் வரவில்லையென்றால், ஆதார் எந்த வங்கிக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்று பாருங்கள். மறந்துபோன பழைய கணக்கில் பணம் விழுந்து கிடக்கலாம்.