குடல் புற்றுநோய்: எடையை மட்டும் பார்த்தால் போதாது



கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், மார்பகப் புற்றுநோய் பற்றி நம் குழுக் கூட்டங்களில் பேசுகிறோம், முகாம் நடத்துகிறோம். பெருங்குடல், மலக்குடலில் வரும் புற்றுநோயைப் பற்றி வாய் திறப்பதில்லை. மலத்தில் ரத்தம் போனால் "மூலச்சூடு" என்று மறைத்துவிடுகிறோம். ரத்தம் போவது, மலம் கழிக்கும் வழக்கம் மாறுவது, காரணம் தெரியாத சோகை இவை சில வாரம் நீடித்தால் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். இந்தக் கட்டுரை அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றியது. நோய் உறுதியான பிறகு வீட்டில் எப்படிக் கவனிக்கிறோம்?

"எடை குறையல, நல்லாத்தான் இருக்காங்க" என்று வீட்டில் சொல்வார்கள். சதை என்று நாம் சொல்வதில் தசையும் இருக்கிறது, கொழுப்பும் இருக்கிறது. எடை பார்க்கும் மெஷினுக்கு இரண்டும் ஒன்றுதான். 2004-ல் புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யூட்கினும் தங்கள் உடம்பையே அளந்து 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு இருவருக்கும் ஒரே 22.3. ஆனால் உடல் கொழுப்பு லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2 சதவீதம்! ஒல்லியாகத் தெரியும் நம் உடம்பில் தசை குறைவாக இருக்கலாம் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

குடல் புற்றுநோயில் இந்தத் தசைதான் முக்கியம். அமெரிக்காவின் வடக்கு கலிபோர்னியாவில் 3,262 நோயாளிகளின் சி.டி. ஸ்கேன் படங்களில், கீழ்முதுகு எலும்பு மட்டத்தில் தெரியும் தசையை அளந்து 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். நோய் வேறு இடங்களுக்குப் பரவாதவர்கள்தான் இவர்கள். ஆனாலும் 100-க்கு 42 பேருக்குத் தசை குறைந்திருந்தது. அவர்களுக்கு இறப்பு அபாயம் மற்றவர்களைவிட 27 சதவீதம் அதிகம்.

ஏன் இப்படி? சாப்பாடு இறங்காதபோது உடம்பு தன் தசையையே கரைத்துப் புரதம் எடுத்துக்கொள்கிறது. ஆபரேஷன் புண் ஆறவும், தொற்றை எதிர்க்கவும் அந்தப் புரதம்தான் வேண்டும். கீமோ மருந்தின் அளவை உயரமும் எடையும் வைத்துத்தான் பெரும்பாலும் கணக்கிடுகிறார்கள். தசை குறைந்தவருக்கு அதே மருந்து கடுமையாக வேலை செய்யும்; வாய்ப்புண், பேதி என்று ஊசி தள்ளிப்போகும். பெண்களுக்கு இயல்பிலேயே தசை குறைவு என்பதால் நாம் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

வீட்டிலேயே பார்க்க ஒரு வழி இருக்கிறது. தையல் டேப்பால் கெண்டைக்காலின் பருத்த இடத்தை அளங்கள். பெண்ணுக்கு 33 செ.மீ., ஆணுக்கு 34 செ.மீ.க்குக் கீழே இருந்தால் தசை குறைந்திருக்கலாம், டாக்டரிடம் சொல்லுங்கள். (கால் வீங்கியிருந்தால் இந்த அளவு ஏமாற்றிவிடும்.) கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை, ஜாக்கெட் கை தொளதொள என்கிறது என்றாலும் சொல்லுங்கள்.

இப்போது சாப்பாடு. நெல் விளையும் ஊர் நம்முடையது, நோயாளி என்றதும் கஞ்சிதான். "முட்டை சூடு, கவுச்சி ஆகாது" என்று பத்தியம் வேறு. ஒரு கைப்பிடி நொய்யில் காய்ச்சிய கஞ்சியில் புரதம் இரண்டு மூன்று கிராம்தான் இருக்கும். 50 கிலோ எடையுள்ள புற்றுநோயாளிக்கு நாளுக்கு 50 முதல் 75 கிராம் வரை தேவை. ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 கிராம், 50 கிராம் பச்சைப்பயறில் 11 கிராம் இருக்கிறது. மீனில் இன்னும் அதிகம். சம்பா அறுவடைக்கு முன்னால் தெளித்த உளுந்தும் பயறும் நம் வயலிலேயே விளைகிறது. மொத்தத்தையும் வியாபாரிக்கு அளந்து கொடுத்துவிட்டு நோயாளிக்கு வெறும் ரசம்சாதம் போடுவது என்ன கணக்கோ! கஞ்சிதான் இறங்குகிறது என்றால் உளுந்தங்கஞ்சி, பயத்தங்கஞ்சியாகக் கொடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை. நோயாளி குடும்பத் தலைவியாக இருந்தால், முட்டை அவர் தட்டில்தான் விழுகிறதா என்று குழுவில் யாராவது போய்ப் பாருங்கள். குடல் அடைப்பு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், ஆபரேஷன் முடிந்து சில நாட்களே ஆனவர்களும் டாக்டர் சொன்னபடிதான் சாப்பிட வேண்டும்.

அடுத்தது ஓய்வு. "அசையாமப் படுத்திரு" என்பதுதான் நம் அன்பு. படுக்கையில் தசை வேகமாகக் கரையும். கனடா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் ஆபரேஷனும் கீமோவும் முடித்த 889 பெருங்குடல் புற்றுநோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2025-ல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு மூன்று ஆண்டு ஆள் வைத்து உடற்பயிற்சி செய்ய வைத்தார்கள், பலருக்கு அது வேகநடைதான். எட்டாவது ஆண்டில் அவர்களில் 100-க்கு 90 பேர் உயிரோடு இருந்தார்கள். புத்தகம் மட்டும் கொடுக்கப்பட்ட பிரிவில் 83 பேர். தசையை அளந்த ஆய்வு அல்ல இது; ஆனாலும் ஏழு பேர் வித்தியாசம் சின்னதா? டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, முதலில் வாசல்வரை, பிறகு வாய்க்கால் கரைவரை என்று துணைக்கு ஒருவர் சேர்ந்து நடக்கலாம்.

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ வேறு எங்கோ போகும்போது, "எடை எவ்வளவு குறைஞ்சிருக்கு, என்ன சாப்பிடலாம், உணவு ஆலோசகரைப் பார்க்கணுமா?" என்று நீங்களே கேளுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். அட்டை இல்லாத குடும்பம் குழுவில் இருந்தால் இந்த மாதக் கூட்டத்திலேயே பெயரைக் குறித்து, ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்கு அனுப்பி வையுங்கள்.